பழைய பம்ப் ரைபிள் வாங்கும்போது செய்யும் தவறுகள்

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் மான் வேட்டைக்குப் போகிறவர்களிடம் பம்ப் ரைபிளை நிறையவே பார்க்கலாம். குழலுக்கு அடியில் உள்ள முன்பிடியைப் பின்னால் இழுத்து முன்னால் தள்ளினால் அடுத்த குண்டு ஏறும் துப்பாக்கி அது. ட்ரிகரை அழுத்த அழுத்த அடுத்த குண்டு தானாக ஏறும் செமி ஆட்டோமேட்டிக் ரைபிளால் மானையோ கரடியையோ சுட அங்கே அனுமதி இல்லை. இரண்டாவது குண்டு சட்டென்று வேண்டும் என்பவர்கள் பம்புக்கு வந்தார்கள். வெர்மான்ட்டில் பனியில் மான் தடம் பிடித்துப் போவதில் பேர்பெற்ற லாரி பெனாய்ட்டும் ரெமிங்டன் கம்பெனியின் பம்ப் ரைபிளான 760-ஐத்தான் சுமந்தார்.

அந்த 760 வந்தது 1952-இல். 1981-இல் அதன் இடத்துக்கு 7600 வந்தது. இன்று கைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் பழையவை. கட்டையின் பளபளப்பைப் பார்த்துப் பணத்தைக் கொடுத்துவிடுவதுதான் பெரிய தவறு. பார்க்க வேண்டியது தோட்டா உட்காரும் சேம்பரை. பக்கவாட்டுக் கைப்பிடியைத் தூக்கி இழுத்து இயக்கும் போல்ட் ரைபிளில், கைப்பிடியைத் தூக்கும்போதே அந்தத் திருகல் காலித் தோட்டா உறையைக் கொஞ்சம் இளக்கிவிடும். பம்பில் அது கிடையாது, உறையை நேராக இழுத்து வெளியே எடுப்பது உங்கள் கைப்பலம்தான். சேம்பரில் துரு இருந்தால் சுட்ட உறை உள்ளேயே ஒட்டிக்கொள்ளும். மழையில் நனைந்த துப்பாக்கியைத் துடைக்காமல் பெட்டியில் வைத்தவர்கள் செய்த வேலை அது. அதனால் நாலு குண்டு சுட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள். விழுந்த உறையை எடுத்து நகத்தால் தடவுங்கள். சொரசொரவென்று கீறல் தட்டினால், பம்பை இழுக்கவும் முக்க வேண்டியிருந்தால், அந்தத் துப்பாக்கி வேண்டாம்.

குழலின் வாயையும் பாருங்கள். இதைப் பின்பக்கமிருந்து சுத்தம் செய்ய வழியில்லை, துடைக்கும் கம்பி முன்னாலிருந்துதான் போகும். வருஷக்கணக்காக அது உரசி விளிம்பு தேய்ந்திருந்தால் குறி சிதறும். முன்பிடி லேசாக ஆடுவதைக் கண்டு மட்டும் பயப்படாதீர்கள், அது பழுது இல்லை.

அடுத்தது கேலிபர் மோகம், அதாவது பெரிய தோட்டா வகைதான் வேண்டும் என்கிற ஆசை. அடர்ந்த காட்டில் மான் பெரும்பாலும் நூறு மீட்டருக்குள்தான் தெரியும். அதற்கு 308 என்ற தோட்டா தாராளம், 30-06 தோட்டா இருந்தால் மூஸ் என்ற பெரிய மான் வகைக்கும் போகலாம். ஆனால் 30-06-ஐ 18.5 அங்குலக் குட்டைக் குழல் கார்பைனில் எடுத்தால் வெடிச்சத்தம் காதைப் பிளக்கும். காட்டுக்குள் நுழைந்து வளைந்து நடப்பவருக்கு அந்தக் குட்டைக் குழல் சரி. ஓரிடத்தில் காத்திருப்பவருக்கு 22 அங்குலக் குழலே நல்லது.

வாங்கியபின் நடக்கும் தவறு ஒன்று எனக்கு ரொம்ப வருத்தம் தருவது. ரேஞ்சில் ஒவ்வொரு குண்டுக்கும் துப்பாக்கியை மடியில் இறக்கி, மெதுவாக பம்ப் செய்து பழகுகிறார்கள். காட்டில் கை நடுங்கும்போது அதே பாதி இழுப்புதான் வரும். உறை முழுசாக வெளியேறாமல் சிக்கும். அதற்குள் காயம்பட்ட மான் புதருக்குள் போய்விடும். வெடிக்காத டம்மி தோட்டாக்களைப் போட்டு, துப்பாக்கி தோளைவிட்டு இறங்காமல், முன்பிடி இரண்டு முனையிலும் இடிக்கும்வரை இழுத்துத் தள்ளிப் பழகுங்கள். குளிர்காலக் கையுறையோடே பழகுங்கள். சேஃப்டி பொத்தான் ட்ரிகரைச் சுற்றியுள்ள வளையமான ட்ரிகர் கார்டில் குறுக்கே இருக்கும், தடித்த கையுறையில் அது விரலுக்குத் தட்டுப்படாது.

அப்புறம், தோட்டாக்கள் அடுக்கியிருக்கும் கழற்றும் மேகசின் காட்டில் தொலைந்தால் ஒற்றைக் குண்டுத் துப்பாக்கிதான் மிஞ்சும். ரைபிளோடு சேர்த்தே இன்னொரு மேகசின் வாங்கிவிடுங்கள்.