உலக சுகாதார ஆய்வுக்கு அறக்கட்டளை நிதி: முதல் விண்ணப்பம் எழுதுவது எப்படி?

ஏழைகளைத் தாக்கும் நோய்களுக்கு மருந்து கண்டுபிடித்தால் லாபம் கிடைக்காது. அதனால் பெரிய நிறுவனங்கள் அந்தப் பக்கம் அதிகம் எட்டிப் பார்ப்பதில்லை. அரசுகள் கொடுத்தது போக மீதியில் ஒரு பகுதியை அறக்கட்டளைகள்தான் கொடுக்கின்றன. 1913-இல் ராக்பெல்லர், 1936-இல் வெல்கம் டிரஸ்ட், 2000-இல் கேட்ஸ் அறக்கட்டளை என்று இந்த மரபு நீண்டிருக்கிறது. முதல்முறை விண்ணப்பிக்கப் போகும் இளம் ஆய்வாளர்களுக்காக இதை எழுதுகிறேன்.

படி 1: கேள்வியை முடிவு செய்யுங்கள்

யார் பணம் தருகிறார்கள் என்று முதலில் தேடாதீர்கள். ஆய்வு வெற்றி பெற்றால் யார், எங்கே, எதை மாற்றிச் செய்வார்கள் என்று ஒரே வரியில் எழுதிப் பாருங்கள். வரி வரவில்லை என்றால் கேள்வி இன்னும் பழுக்கவில்லை.

ஒரு நல்ல உதாரணம் ஆப்பிரிக்காவின் மூளைக்காய்ச்சல் (மெனிஞ்சைடிஸ்) தடுப்பூசி. 1996-97 தொற்றில் சுமார் 25,000 பேர் இறந்தார்கள். 2001-இல் கேட்ஸ் அறக்கட்டளை கொடுத்த 7 கோடி டாலரில் உலக சுகாதார நிறுவனமும் பாத் (PATH) என்ற லாபநோக்கற்ற சுகாதார அமைப்பும் வேலையைத் தொடங்கின. ஒரு டோஸ் அரை டாலருக்குள் இருந்தால்தான் வாங்க முடியும் என்று ஆப்பிரிக்க சுகாதார அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். அந்த விலையை இலக்காக வைத்துத்தான் தடுப்பூசியே உருவானது. சீரம் இன்ஸ்டிடியூட் ஆஃப் இந்தியா தயாரிக்க, 2010 டிசம்பரில் புர்கினா ஃபாசோவில் பெரிய அளவில் போடத் தொடங்கினார்கள். அந்தத் தடுப்பூசி குறிவைத்த ஏ வகை மூளைக்காய்ச்சல் அந்தப் பகுதியில் கிட்டத்தட்ட இல்லாமலே போனது. பயன்படுத்தப் போகிறவர்களிடம் முதலிலேயே கேட்டதன் பலன் அது.

படி 2: பொருந்தும் அறக்கட்டளையைத் தேடுங்கள்

வெல்கம் அடிப்படை அறிவியலோடு தொற்றுநோய், மனநலம், பருவநிலையும் உடல்நலமும் ஆகியவற்றில் கவனம் வைக்கிறது. கேட்ஸ் தடுப்பூசி, மலேரியா, காசநோய், தாய்-சேய் நலம் பக்கம் சாய்கிறது. இரண்டுமே இதுவரை கொடுத்த மானியங்களின் பட்டியலை இணையத்தில் வைத்திருக்கின்றன. உங்கள் துறையில் பத்துப் பதினைந்தைப் படித்தால், அவர்களுக்கு எது பிடிக்கிறது என்பது அறிவிப்பைவிடத் தெளிவாகப் புரியும். பல மானியங்கள் தனிநபருக்குக் கிடைக்காது, நிறுவனத்தின் பெயரில்தான் வரும். அதனால் உங்கள் நிறுவனத்தின் ஆய்வு அலுவலகத்தில் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

படி 3: இரண்டு பக்கக் கருத்துரு

2008-இல் கேட்ஸ் அறக்கட்டளை தொடங்கிய ஒரு திட்டத்தில் இரண்டு பக்க விண்ணப்பமே போதும், முன்னோட்டத் தரவுகூட வேண்டாம், முதல்கட்டமாக 1,00,000 டாலர் என்று அறிவித்தார்கள். எங்கே விண்ணப்பித்தாலும் அந்த இரண்டு பக்க ஒழுங்கு உதவும்.

"காசநோய் உலகளாவிய பெரும் பிரச்சினை. அதைத் தீர்க்க எங்கள் ஆய்வு உதவும்" என்று தொடங்கினால் மதிப்பீட்டாளர் அடுத்த விண்ணப்பத்துக்குப் போய்விடுவார். இப்படி எழுதுங்கள்: "சிறு குழந்தைகளால் சளியை வெளியே துப்ப முடியாது. அதனால் அவர்களின் காசநோய் பெரும்பாலும் தவறவிடப்படுகிறது. மலத்தை வைத்துச் செய்யும் பரிசோதனையை ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர்களே செய்ய முடியுமா என்று 18 மாதங்களில் சோதிப்போம்." நோயாளி, தடை, கேள்வி, காலம் நான்கும் வந்துவிட்டன.

படி 4: பட்ஜெட்

புதியவர்கள் இதைக் கடைசி இரவில் போடுகிறார்கள். மாதிரிகளை உறைநிலையில் வைக்கும் ஃப்ரீசர், மின்சாரம் போனால் ஜெனரேட்டர், மாதிரி அனுப்பும் கூரியர், ஒப்புதல் படிவ மொழிபெயர்ப்பு, பங்கேற்பாளர்களின் பயணச் செலவு, தரவைப் பதிவு செய்பவரின் சம்பளம் எல்லாம் தனித்தனி வரிகளாக இருக்கட்டும். களப்பணியாளர் சம்பளத்தைக் குறைத்து மொத்தத்தை அழகாகக் காட்டாதீர்கள். வீடு வீடாக நடப்பவர்கள் அவர்கள்தான். வாடகை, நிர்வாகம் போன்ற மறைமுகச் செலவுக்குப் பெரும்பாலும் உச்சவரம்பு உண்டு. கேட்ஸ் அறக்கட்டளையில் அது நிறுவனத்தின் வகையைப் பொறுத்து 15 சதவீதத்தைத் தாண்டாது. மிச்சத்தை யார் ஏற்பது என்று உங்கள் நிறுவனத்திடம் முதலிலேயே கேளுங்கள்.

படி 5: கூட்டாளிகளும் நிபந்தனைகளும்

வெளியிலிருந்து வந்து ரத்த மாதிரியை எடுத்துக்கொண்டு போய், கட்டுரையில் உள்ளூர் ஆய்வாளரின் பெயரைக்கூடப் போடாத ஆய்வுகள் நிறைய நடந்திருக்கின்றன. அது அநியாயம். மாதிரி யாருடையது, தரவு எங்கே இருக்கும், கட்டுரையின் முதல் ஆசிரியர் யார் என்பதை விண்ணப்பத்துக்கு முன்பே எழுத்தில் பேசி முடியுங்கள். நெறிமுறைக் குழு அனுமதிக்குப் பல மாதங்கள் ஆகலாம், காலஅட்டவணையில் அதற்கு இடம் விடுங்கள். முடிவுகளை எல்லோரும் இலவசமாகப் படிக்கும்படி வெளியிட வேண்டும் என்பது வெல்கம், கேட்ஸ் இரண்டின் நிபந்தனை.

முதல் விண்ணப்பம் நிராகரிக்கப்படுவது சகஜம். மதிப்பீட்டாளர் குறிப்புகள் கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைத்தால், ஒவ்வொரு குறிப்புக்கும் எதிரே நீங்கள் செய்த மாற்றத்தை எழுதி, அடுத்த அழைப்பு வரும்போது திருத்திய விண்ணப்பத்தை அனுப்புங்கள்.