குரங்கின் முதுமையையும் மனிதரின் முதுமையையும் மரபணு அளவில் ஒப்பிடுவது எப்படி

புதிதாக எங்கள் குழுவில் சேரும் மாணவர்கள் முதல் வாரத்திலேயே கேட்பது இதைத்தான்: "வயதோடு மாறுகிற மரபணுக்களின் பட்டியல் எப்போது கிடைக்கும்?" பட்டியலை ஒரே மதியத்தில் எடுத்துவிடலாம். அதை நம்பலாமா என்று பார்ப்பதற்குத்தான் மாதக்கணக்கில் ஆகும். அந்த மாதங்களில் நான் என்ன செய்கிறேன் என்பதை இங்கே எழுதிவைக்கிறேன்.

ஒன்றை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். வயதாகும்போது டி.என்.ஏ.வில் இருக்கும் மரபணுக்கள் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கின்றன. எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்பதுதான் மாறுகிறது. ஒரு மரபணு வேலை செய்தால் அதிலிருந்து ஆர்.என்.ஏ. படியெடுக்கப்படும். அந்தப் படிகளை எண்ணுவதுதான் நம் வேலை.

எண்ணத் தொடங்கும் முன் வயதைச் சரிசெய்ய வேண்டும். ரீசஸ் குரங்கு கூண்டில் வளர்ந்தால் சுமார் 25 ஆண்டுகள் வாழும். 40 வயதைத் தொடுவது மிக அரிது. அதனால் குரங்கின் ஓர் ஆண்டு மனிதரின் மூன்று ஆண்டு என்று எல்லோரும் கணக்குப் போடுகிறார்கள். தோராயத்துக்கு அது சரி. ஆனால் பெண் குரங்குக்கு மாதவிடாய் நிற்பது 25 வயதை ஒட்டி, மனிதருக்கு 50 வயதை ஒட்டி. அங்கே விகிதம் ஒன்றுக்கு இரண்டாகிவிடுகிறது. எனவே ஒரே எண்ணால் பெருக்கிவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். நீங்கள் பார்க்கும் திசுவுக்கு எந்த வாழ்க்கைக் கட்டம் முக்கியமோ, அதை வைத்து வயதைப் பொருத்துங்கள். இன்னொன்று: 2 வயதுக் குரங்கை "இளையது" என்ற பிரிவில் சேர்க்காதீர்கள். அது இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. சேர்த்தால் வளர்ச்சி நிற்பதையே முதுமை என்று எழுதிவிடுவோம். நான் 7 வயதுக்கு மேற்பட்ட குரங்குகளிலிருந்துதான் தொடங்குவேன்.

அடுத்து, மரபணுக்களை இணை சேர்ப்பது. ரீசஸ் குரங்கின் மரபணுத் தொகுதி 2007இல் வெளியானது. மனிதருடையதோடு ஏறத்தாழ 93 சதவீதம் ஒத்துப்போகிறது. இவ்வளவு ஒற்றுமை இருக்கிறதே என்று குரங்கின் ஆர்.என்.ஏ. துண்டுகளை மனிதத் தொகுதியில் பொருத்திப் பார்க்கும் ஆசை வரும். வேண்டாம். எழுத்து வேறுபடும் இடங்களில் துண்டுகள் பொருந்தாமல் உதிர்ந்துவிடும். அந்த மரபணு குரங்கில் சோம்பிக் கிடப்பதுபோலத் தெரியும். குரங்கைக் குரங்கின் தொகுதியில், மனிதரை மனிதத் தொகுதியில் பொருத்துங்கள். அப்புறம் ஒன்றுக்கு ஒன்று இணை உள்ள மரபணுக்களை, அதாவது குரங்கின் ஒரு மரபணுவுக்கு மனிதரில் ஒரே ஓர் இணை இருப்பவற்றை மட்டும் ஒப்பீட்டுக்கு எடுங்கள். கிருமியின் துண்டுகளை எதிர்ப்பாற்றல் செல்களுக்குக் காட்டும் புரதங்களுக்கான எம்.எச்.சி. முதல் வகை மரபணுக்கள் ரீசஸ் குரங்கில் பல படிகளாகப் பெருகியிருக்கின்றன. நோய் எதிர்ப்பாற்றலின் முதுமையைப் பார்க்கிறவர்களுக்கு இவைதான் ஆசை காட்டும் மரபணுக்கள்; இவற்றில்தான் ஒப்பீடு எளிதாக வழுக்கும்.

"வயதான மனிதரில் இது அதிகம், வயதான குரங்கில் குறைவு" என்று நேரடியாக ஒருபோதும் எழுதாதீர்கள். மனித மூளைத் திசு பெரும்பாலும் இறந்து பல மணி நேரம் கழித்து எடுக்கப்பட்டது. ஆய்வகக் குரங்கின் திசு சில நிமிடங்களில் உறையவைக்கப்பட்டிருக்கலாம். அந்த இடைவெளியில் ஆர்.என்.ஏ. சிதையத் தொடங்கிவிடும். ஒவ்வோர் இனத்துக்குள்ளும் வயது கூடக் கூட ஒரு மரபணு ஏறுகிறதா இறங்குகிறதா என்ற சாய்வைத் தனித்தனியாகக் கணக்கிடுங்கள். பிறகு இரண்டு சாய்வுகளையும் ஒப்பிடுங்கள். 20,000 மரபணுக்களை 0.05 என்ற வரம்பில் (நூற்றில் ஐந்து தற்செயலாகத் தேறிவிடும் வரம்பு) சோதித்தால் எதுவுமே மாறாத நிலையிலும் 1,000 மரபணுக்கள் "மாறியதாக" வந்து நிற்கும் என்பதால், பன்முறைச் சோதனைக்கான திருத்தம் கட்டாயம். பாலினத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி நான் மிக அதிக நேரம் செலவழிக்கும் இடம். ஒரு மரபணுவின் எண்ணிக்கை குறைந்தால், செல்லுக்குள் அது அடங்கிவிட்டது என்று பொருளா? அல்லது அந்த மரபணுவை வைத்திருந்த செல்களே குறைந்துவிட்டனவா?

சில ஆண்டுகளுக்கு முன் குரங்கு ரத்தத்தில் எல்.இ.எஃப்.1 என்ற மரபணு வயதோடு அழகாக இறங்குவதைப் பார்த்தேன். மனித ரத்தத்திலும் அதே இறக்கம். இரண்டு இனத்திலும் ஒரே திசை! கட்டுரையின் முதல் பத்தியைக்கூட எழுதிவிட்டேன். பக்கத்து மேசைத் தோழி வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "செல் எண்ணிக்கைத் தாள் எங்கே?" என்று மட்டும் கேட்டாள். வயதாகும்போது, நோயை எதிர்க்கும் டி செல்கள் முதிரும் இடமான தைமஸ் சுரப்பி சுருங்குகிறது. இன்னும் எந்தக் கிருமியையும் சந்திக்காத புது டி செல்களின் வரத்து குறைகிறது. எல்.இ.எஃப்.1 அந்தச் செல்களில்தான் உரக்கப் பேசும் மரபணு. புது டி செல்களின் விகிதத்தைக் கணக்கில் சேர்த்ததும் என் அழகான சாய்வு கிட்டத்தட்டத் தட்டையாகிவிட்டது. அன்றிலிருந்து ரத்த மாதிரி என்றால் செல் எண்ணிக்கைத் தாளைப் பார்த்த பிறகுதான் மற்ற எதையும் திறக்கிறேன்.

அதற்காக, திருத்தத்துக்கு முந்தைய முடிவைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். புது டி செல்கள் குறைவதும் முதுமைதானே. இரண்டு முடிவுகளையும் எழுதுங்கள்: திசு முழுவதிலும் இவ்வளவு மாற்றம், செல்களின் விகிதத்தைக் கழித்தபின் இவ்வளவு. முடிந்தால், ஒவ்வொரு செல்லின் ஆர்.என்.ஏ.வையும் தனித்தனியாக எண்ணும் ஒற்றைச் செல் வரிசைப்படுத்தலுக்குப் போங்கள். அதில் இந்தக் குழப்பம் பெருமளவு தீரும்.

மாதிரிகளைக் கையாளும் ஒழுங்கைப் பற்றிச் சுருக்கமாக: இளைய குரங்குகளின் ஆர்.என்.ஏ.வை ஒரு நாளும் முதிய குரங்குகளுடையதை இன்னொரு நாளும் பிரித்தெடுத்தால், நாளையும் வயதையும் பிறகு யாராலும் பிரிக்க முடியாது. கலந்து வையுங்கள்.

பல திசுக்களில் இரண்டு இனங்களும் சேர்ந்து காட்டும் பொதுப் போக்கு உண்டு: அழற்சியோடு தொடர்புடைய மரபணுக்கள் ஏறுகின்றன, மைட்டோகாண்ட்ரியாவின் ஆற்றல் உற்பத்திக்கானவை இறங்குகின்றன. உங்கள் முடிவில் இது தெரிந்தால் நம்பிக்கை கூடும். தெரியாவிட்டால் உடனே பயப்படவும் வேண்டாம். 26 முதல் 106 வயது வரையிலான 30 பேரின் மூளைப் புறணியை ஆராய்ந்து 2004இல் வந்த கட்டுரை, நரம்பு இணைப்புகளுக்கான மரபணுக்கள் 40 வயதுக்குப் பிறகு இறங்கத் தொடங்குவதைக் காட்டியது. அடுத்த ஆண்டு மனித மூளையையும் சிம்பன்சி மூளையையும் ஒப்பிட்டவர்கள், முதுமையின் போக்கு இரண்டிலும் வெகுவாக வேறுபடுவதைக் கண்டார்கள். நமக்கு மிக நெருங்கிய உறவிலேயே அப்படி. வேறுபாடு வந்தால் முதலில் மாதிரியைச் சந்தேகியுங்கள். அது தேறிவிட்டால் வேறுபாட்டை உண்மையென்று ஏற்றுக்கொள்ளுங்கள்.

குரங்கு எப்படி வாழ்ந்தது என்பதையும் தேடி எழுதிவையுங்கள். போர்ட்டோ ரிக்கோவை ஒட்டிய காயோ சாந்தியாகோ தீவில், 1938இல் இந்தியாவிலிருந்து கொண்டுபோன 409 ரீசஸ் குரங்குகளின் வழிவந்தவை இன்றும் திரிகின்றன. 2017இல் மரியா புயல் அந்தத் தீவின் மரங்களைத் துடைத்துப்போட்டது. புயலுக்கு முன்னும் பின்னும் எடுத்த ரத்தத்தை ஒப்பிட்ட ஆய்வு 2022இல் வந்தது: எதிர்ப்பாற்றல் செல்களின் மரபணு வேலைப்பாடு சராசரியாக 2 வயது கூடியதுபோல மாறியிருந்தது, அந்த ஆய்வாளர்களின் கணக்கில் அது மனிதரின் 7, 8 ஆண்டுகள். பிறந்த தேதியை மட்டும் பட்டியலில் வைத்திருந்தால் இது கண்ணிலேயே பட்டிருக்காது.

உணவும் அப்படித்தான். கலோரியைக் குறைத்தால் குரங்கு அதிக நாள் வாழுமா என்று அமெரிக்காவில் 1980களின் இறுதியில் இரண்டு நீண்ட ஆய்வுகள் தொடங்கின. 2009இல் ஒன்று ஆம் என்றது, 2012இல் மற்றது இல்லை என்றது. ஒன்றில் ஒப்பீட்டுக் குரங்குகள் வேண்டிய அளவு சாப்பிட்டன, உணவில் சர்க்கரையும் அதிகம். மற்றதில் அவற்றுக்கும் அளந்துதான் கொடுத்தார்கள். "சாதாரணக் குரங்கு" என்ற சொல்லே இரண்டு இடத்தில் இரண்டு பொருள் தந்தது. உங்கள் தரவில் ஒப்பீட்டுக் குழு என்ன சாப்பிட்டது என்று கேட்டு எழுதுங்கள்.

எல்லாம் முடிந்ததும் பட்டியலின் முதல் பத்து மரபணுக்களை ஒவ்வொன்றாக வரைபடமாக்கிக் காகிதத்தில் அச்செடுத்துப் பாருங்கள். கிடைக்கோட்டில் வயது, செங்குத்துக் கோட்டில் எண்ணிக்கை. ஒவ்வொரு புள்ளியின் பக்கத்திலும் அந்தக் குரங்கின் எண்ணைக் கையால் எழுதுங்கள். சாய்வு முழுவதையும் இரண்டு கிழட்டுக் குரங்குகள் மட்டும் இழுத்துக்கொண்டிருக்கலாம். அப்படியென்றால் அவற்றின் மருத்துவக் குறிப்பேட்டைக் கேட்டு வாங்குங்கள். மூட்டு அழற்சியோ சர்க்கரை நோயோ அதில் எழுதியிருந்தால், அந்த இரண்டையும் விலக்கிவிட்டுச் சாய்வை மறுபடி போடுங்கள்.