ட்ரெய்னரிலிருந்து சைக்கிளை இறக்கி ரோட்டுக்குக் கொண்டுபோவது எப்படி?

பதினான்கு மாதம் என் சைக்கிள் படுக்கையறை ஜன்னலோரம் ஒரே இடத்தில் நின்றுகொண்டிருந்தது. சும்மா நிற்கவில்லை. வாரத்துக்கு நான்கு நாள் ட்ரெய்னரில் (சைக்கிளை வீட்டுக்குள் நின்ற இடத்திலேயே மிதிக்க வைக்கும் ஸ்டாண்டு) மாட்டி, ஸ்விஃப்ட் போட்டு (கார் இல்லை, சைக்கிள் ஆப்) வியர்க்க வியர்க்க ஓட்டியதில் கணக்குப்படி 6,000 கி.மீ. தாண்டியிருந்தது. ஆல்ப் டி'ஹுயஸ் மலைப்பாதையைப் பார்த்துச் செய்த அந்த 21 கொண்டை ஊசி வளைவுகளைக்கூட நாலு தடவை ஏறிவிட்டேன். என் வீடு சென்னை திருவான்மியூரில். ஜன்னலைத் திறந்தால் உப்புக்காற்று வரும். ஈ.சி.ஆர். (கிழக்குக் கடற்கரைச் சாலை) பத்து நிமிட நடை. அந்தப் பதினான்கு மாதத்தில் ஒரு நாள்கூட அங்கே சைக்கிளில் போகவில்லை.

என் மாதிரி மாட்டிக்கொண்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஹெல்மெட் எப்படிப் போடுவது, செயினுக்கு எப்படி எண்ணெய் விடுவது என்றெல்லாம் சொல்லப்போவதில்லை. ஓட்டத் தெரியும், உடம்பிலும் தெம்பு இருக்கிறது, ஆனால் வெளியே போக மனசு வரவில்லை என்பவர்களுக்கு மட்டும்.

படி 1: மனசைத் திட்டுவதை நிறுத்துங்கள், வேலைகளை எண்ணுங்கள்

ஒரு தாள் எடுத்து, காலையில் எழுந்ததிலிருந்து சைக்கிள் தெருவில் உருளும்வரை என்னென்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள். எனக்குப் பதினொரு வேலை வந்தது. ட்ரெய்னரிலிருந்து கழற்றுவது, கட்டிலுக்கடியில் கிடக்கும் பின்சக்கரத்தைத் தேடி எடுப்பது, மாட்டுவது, கியர் சரிபார்ப்பது, இரண்டு டயருக்கும் காற்று, விளக்கு எங்கே, பாட்டில் எங்கே... மொத்தம் 25 நிமிடம். ட்ரெய்னரில் ஏற 2 நிமிடம் போதும். விடிகாலை 4.45-க்குத் தூக்கக் கலக்கத்தில் நிற்கிற மனுஷன் எதைத் தேர்ந்தெடுப்பான்? என்னைச் சோம்பேறி என்று நானே நினைத்துக்கொண்டிருந்தேன். தடையாக இருந்தது கட்டிலுக்கடியில் கிடந்த அந்தச் சக்கரம்.

படி 2: பின்சக்கரம் (இங்கேதான் நான் விழுந்தேன்)

என்னுடையது டைரக்ட் டிரைவ் ட்ரெய்னர். பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டுச் சைக்கிளை நேராக ட்ரெய்னரின் கேசட்டில் (சின்னதிலிருந்து பெரியதுவரை அடுக்கிய பல்சக்கரங்கள்) உட்கார வைக்க வேண்டும். ரோட்டுக்குப் போவதென்றால் திரும்பச் சக்கரத்தை மாட்ட வேண்டும். எளிதாகத்தான் தெரியும். ஆனால் ட்ரெய்னரில் இருக்கும் கேசட்டும் சக்கரத்தில் இருக்கும் கேசட்டும் ஒரே இடத்தில் உட்காருவதில்லை. மயிரிழை வித்தியாசம் இருக்கும். வீட்டில் வெண்ணெய் மாதிரி விழுந்த கியர், ரோட்டில் 'டக் டக்' என்று அடிக்கும். அழுத்தி மிதித்தால் செயின் தாவும்.

முதல் தடவை இந்தச் சத்தம் கேட்டதும் நான் செய்த காரியம்: ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, டீரெய்லரில் (செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும் பாகம்) கண்ணில் பட்ட இரண்டு ஸ்க்ரூக்களையும் திருகினேன். அவை லிமிட் ஸ்க்ரூக்கள். செயின் எதுவரை உள்ளே போகலாம், எதுவரை வெளியே வரலாம் என்பதற்குப் போட்ட வேலி அது. வேலியை நானே பிடுங்கிவிட்டேன். தெருமுனை தாண்டுவதற்குள் செயின் பெரிய பல்லையும் தாண்டி, கேசட்டுக்கும் ஸ்போக்குக்கும் நடுவில் போய்ச் செருகிக்கொண்டது. சக்கரம் நின்றது. அன்று சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவன், அதற்கப்புறம் மூன்று மாதம் வெளியே போகவில்லை.

ஆகவே வரிசை இதுதான்:

கழற்றும் முன் செயினைக் கடைசிச் சின்னப் பல்லுக்குக் கொண்டுவாருங்கள். சக்கரத்தை எடுப்பதும் மாட்டுவதும் பாதி வேலையாகிவிடும்.

சக்கரத்தை மாட்டியதும் சைக்கிளைத் தூக்கிப் பிடித்து, பெடலைக் கையால் சுற்றிக்கொண்டே ஒவ்வொரு கியராகப் போட்டுப் பாருங்கள். பெரிய பல்லுக்கு ஏறத் தயங்கினால், கியர் கேபிள் டீரெய்லருக்குள் நுழையும் இடத்தில் இருக்கும் சின்னத் திருகு உருளையை இடஞ்சுழியாக ஒரு கிளிக் திருகுங்கள். கேபிள் இறுகும். சின்னப் பல்லுக்கு இறங்கத் தயங்கினால் வலஞ்சுழி. ஒவ்வொரு கிளிக்காகத்தான். லிமிட் ஸ்க்ரூ பக்கம் கையே போகக்கூடாது.

எத்தனை கிளிக் என்று எண்ணி எழுதிவையுங்கள். என் ஃப்ரேமில் ஒரு துண்டு டேப் ஒட்டி, 'ரோடு: இடம் 3, வீடு: வலம் 3' என்று எழுதியிருக்கிறேன். இந்த ஒரு டேப் எனக்கு மிச்சப்படுத்திய நேரம் கொஞ்சநஞ்சமல்ல. கேசட்டுக்குப் பின்னால் மெல்லிய வளையம் போட்டு இரண்டையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவரவும் வழி இருக்கிறது. எனக்கு அந்தப் பொறுமை இல்லை.

பிரேக்கை மறக்காதீர்கள். ரிம் பிரேக் (சக்கர விளிம்பைப் பிடிக்கும் வகை) என்றால் சக்கரத்தைக் கழற்றத் திறந்துவிட்ட கொக்கியைத் திரும்ப மூடினீர்களா? மூடாமல் போனால் முதல் ஸ்பீட் பிரேக்கரில் தெரியும். எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்யும் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் என்றால், சக்கரம் இல்லாதபோது லீவரைத் தெரியாமல் அழுத்திவிட்டால் பேடுகள் இரண்டும் நெருங்கி ஒட்டிக்கொள்ளும், அப்புறம் டிஸ்க் உள்ளே நுழையாது. நடுவில் வைக்க ஒரு பிளாஸ்டிக் துண்டு கொடுப்பார்கள், அதைத் தூக்கிப் போடாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

பின்சக்கரத்தை உருளையில் அழுத்தும் வகை ட்ரெய்னர் வைத்திருப்பவர்களுக்குக் கியர் தொல்லை இல்லை. ஆனால் ட்ரெய்னருக்கென்று விற்கும் தனி டயரைப் போட்டிருந்தால் அதோடு ரோட்டில் இறங்காதீர்கள், வழுக்கும்.

என் அபிப்பிராயம் கேட்டால், இவ்வளவு கூத்தும் வேண்டாம். பழைய ஹைப்ரிட் சைக்கிள் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கி வாசலில் நிறுத்துங்கள். சாதா பெடல், 32 மி.மீ. டயர் போதும். நான் கடைசியில் அதைத்தான் செய்தேன். ஆயிரக்கணக்கில் கொட்டி வாங்கிய கார்பன் சைக்கிளைவிட அதில்தான் இப்போது அதிகம் ஓட்டுகிறேன்.

படி 3: முந்தின ராத்திரி

காற்று, விளக்கு சார்ஜ், பாட்டில், உடுப்பு எல்லாம் ராத்திரியே முடிய வேண்டும். சைக்கிளின் மூக்கு வாசலைப் பார்த்து நிற்க வேண்டும். கேட்க அற்பமாக இருக்கும், செய்து பாருங்கள்.

பையில் போக வேண்டியவை: உபரி ட்யூப் ஒன்று, டயர் லீவர் இரண்டு, கையடக்க பம்ப், 200 ரூபாய், அப்புறம் பித்தளையில் விரல்நுனி அளவு ஒரு வால்வு அடாப்டர். இந்தக் கடைசி ஐட்டத்துக்கு ஒரு கதை உண்டு. கானாத்தூர் பக்கத்தில் பஞ்சர். ட்யூப் இருந்தது, மாற்றியும்விட்டேன். பம்ப் வீட்டில். கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டு போனால் லாரிக்குப் பஞ்சர் ஒட்டும் கடை. அந்த அண்ணன் கம்ப்ரஸர் குழாயைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தார், திருப்பி வைத்துப் பார்த்தார். "என்ன சார் இது, ஊசி மாதிரி இருக்கு வால்வு?" ரோடு சைக்கிளில் வரும் பிரெஸ்டா வால்வுக்கு அந்தக் குழாய் பிடிக்காது. மேலே இந்த அடாப்டரைத் திருகினால் மோட்டார் சைக்கிள் வால்வு மாதிரி ஆகிவிடும், எந்தக் கடையிலும் காற்றடிக்கலாம். அது தெரியாமல் ஆட்டோவில் சைக்கிளைத் திணித்துக்கொண்டு வந்தேன். இப்போது அடாப்டரை வால்விலேயே மாட்டி வைத்திருக்கிறேன். ஒன்று, கம்ப்ரஸரில் அடிக்கும்போது விட்டுவிட்டு அடிக்கச் சொல்லுங்கள். லாரி டயருக்கு அடிக்கிற கை, மெல்லிய ட்யூபை ஒரே மூச்சில் வெடிக்க வைத்துவிடும்.

படி 4: முதல் நாள் 8 கி.மீ., அதற்கு மேல் இல்லை

வீட்டில் இரண்டு மணி நேரம் மிதிக்கிறவனுக்கு 8 கி.மீ. ஒரு தூரமா என்று கேட்பீர்கள். காலுக்கு ஒன்றுமில்லை, மற்றதெல்லாம் மறந்துபோயிருக்கும். ட்ரெய்னரில் சைக்கிள் அசையாது. பிரேக் பிடிக்கும் வேலையே இல்லை. திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. பாட்டிலை எடுக்க ஒரு கையை விட்டால் ஒன்றும் ஆகாது. நான் கொட்டிவாக்கத்தில் அதே நினைப்பில் குனிந்து பாட்டிலை எடுத்தேன், முன்சக்கரம் ரோட்டோர மணலுக்குள் போனது. விழவில்லை, ஆனால் பாட்டில் உருண்டு போய் ஒரு ஷேர் ஆட்டோவுக்கடியில் நசுங்கியது.

அதனால் முதல் நாள் உங்கள் தெருவிலேயே மூன்று பயிற்சி: ஒரு கையால் ஓட்டுவது, கோடு விலகாமல் தோளுக்கு மேல் திரும்பிப் பார்ப்பது, இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தி நிறுத்துவது. ஈ.சி.ஆரில் இடது ஓரத்தை ஒட்டியே போகாதீர்கள். அங்கே மணல் படிந்திருக்கும், எதிரே ராங் சைடில் பைக் வரும், பஸ் ஸ்டாப்பில் பஸ் ஒதுங்கும். ஓரத்திலிருந்து ஒரு முழத்துக்கு மேல் விட்டு, நேர்கோட்டில் போனால் பின்னால் வருகிறவர் உங்களைப் பார்த்து விலகுவார்.

படி 5: நம்பரை மூடிவையுங்கள்

ஆப்பில் மணிக்கு 33 கி.மீ. ஓட்டியவன் வெளியே 23-தான் காட்டுகிறது என்று பார்த்ததும் எனக்கு முகம் விழுந்துவிட்டது. சிக்னலும் ஸ்பீட் பிரேக்கரும் மாடும் அங்கே இல்லை, எதிர்காற்றும் இல்லை. இரண்டையும் ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. முதல் ஒரு மாதம் போன் சட்டைப்பையில் இருக்கட்டும். ஒரு நல்ல செய்தியும் உண்டு: மூடிய அறையில் உடம்புச் சூடு வெளியேற வழி இல்லாததால், அதே வேலைக்கு இதயத் துடிப்பு ஏறிக்கொண்டே போகும். வெளியே ஓடும் காற்று அதைத் தணிக்கும். ஒரு மணி நேரம் ஓட்டியும் இன்னும் தெம்பு மிச்சம் இருக்கிறதே என்று தோன்றுவது பிரமையல்ல.

படி 6: காற்று எந்தப் பக்கம்?

டிசம்பர், ஜனவரியில் காற்று வடகிழக்கிலிருந்து வரும். திருவான்மியூரிலிருந்து தெற்கே முட்டுக்காடு போகும்போது முதுகில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி இருக்கும். 'நாம் எங்கேயோ போய்விட்டோம்' என்று நினைத்துக்கொண்டே போவீர்கள். திரும்பும்போது மொத்தத்தையும் வட்டியோடு வசூலிக்கும். முதல் வாரமே இப்படி ஒரு அடி வாங்கினால் அடுத்த வாரம் எழுந்திருக்க மாட்டீர்கள். அந்த மாதங்களில் முதலில் வடக்கே, பெசன்ட் நகர், மெரினா என்று போய்விட்டுத் திரும்புவது நல்லது. போகும்போது எதிர்காற்று, வரும்போது சாதகக் காற்று. அவ்வளவுதான் சூத்திரம்.

கோடையில் பிரச்சினை வெயில். மே கடைசியில் 5.45-க்கு முன்பே சூரியன் வந்துவிடும், 7.30-க்கு வீட்டில் இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்றால் அதற்குமேல் மாமல்லபுரம் போகும் கார்களும் சேர்ந்துகொள்ளும்.

படி 7: ஒரு ஆள், ஒரு பொங்கல்

வாட்ஸ்அப் குழுவை நம்பாதீர்கள். நான் இருந்த குழுவில் அறுபது பேர், அத்தனை பேரும் ராத்திரி கட்டைவிரல் காட்டிவிட்டுக் காலையில் தூங்குவார்கள். ஒரே ஒரு ஆள் போதும். என் ஆபீஸ் நண்பர் பாலவாக்கம் பஸ் ஸ்டாப்பில் 5.25-க்கு வந்து நிற்பார். அவர் போன் எடுப்பதில்லை, அதனால் வரவில்லை என்று சொல்லவும் வழியில்லை. திரும்பும் வழியில் நெய் மிதக்கும் பொங்கல், ஒரு வடை. கலோரிக் கணக்கு பார்க்கிறவர்கள் இந்தப் படியைத் தாண்டிப் போகலாம்.

பின்சேர்க்கை

இதைப் போட்ட பிறகு வந்த கேள்விகளில் பாதி நாய்களைப் பற்றி. வேகமாக மிதித்துத் தப்பிக்கப் பார்க்காதீர்கள், அதுதான் அவற்றுக்கு விளையாட்டு. இறங்குங்கள், சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு மெதுவாக நடங்கள். பெரும்பாலும் பத்தடியில் ஆர்வம் போய்விடும். கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். இதில் சால்ஜாப்பு கூடாது.

ஒரு வாசகி, இருட்டில் தனியாகக் கிளம்ப முடியாதே என்று கேட்டிருந்தார். நான் யோசிக்காமல் விட்ட விஷயம் அது. 5 மணி என்பது சட்டம் இல்லை. வெளிச்சம் வந்தபின், வாக்கிங் போகிறவர்கள் நிறைந்த பெசன்ட் நகர்ப் பக்கம் 45 நிமிடம் சுற்றுவதாகத் தன் திட்டத்தை அவரே மாற்றிக்கொண்டு எழுதினார். அதுவே நல்ல யோசனை.

மழைக்காலத்தில் என்ன செய்வது? அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை பெரிய மழை பெய்கிற நாட்களில் நானே உள்ளேதான். தண்ணீர் மூடிய குழி எது, ரோடு எது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் போன மழைக்கு ஒரு சிக்கல் வந்தது. சைக்கிள் இறங்கியதும் காலியாக நின்ற ட்ரெய்னர்மேல் அம்மா ஒரு பலகையைப் போட்டு வடாம் தட்டு அடுக்கத் தொடங்கியிருந்தாள். எடுக்கச் சொன்னதற்கு, "நாளைக்கு வெயில் வரும்டா, வெளிலயே போ" என்றாள்.