சந்தாவா, ஒரே விலையா? எடிட்டிங் மென்பொருள் வாங்குவோர் சறுக்கும் இடங்கள்

குளிர்காலத்தில் தனுஷ்கோடிப் பக்கம் பூநாரை இறங்கினால் போதும், மண்டபம் முதல் கீழக்கரை வரை புதுக் கேமராக்கள் வெளியே வந்துவிடும். ஒரு மாதம் கழித்து, எடுத்த படத்தைத் திருத்தும் மென்பொருளைப் பற்றி அதே கேள்வி: "அண்ணே, மாசாமாசம் கட்டுறதா, ஒரே தடவையா வாங்கிடுறதா?" கேட்கிற எல்லோரும் விலையைத்தான் கேட்கிறார்கள். கிராக் போடாதே, பேக்கப் எடு என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், விட்டுவிடுவோம்.

எடிட் படத்துக்குள்ளேயே இருக்கிறது என்று நினைப்பது

எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப நடப்பது இதுதான். பார்க்கப் பார்க்க எரிச்சல் வருகிறது.

ரா ஃபைலை, அதாவது கேமரா பதிவு செய்த மூலப் படத்தை, அடோபியின் சந்தா மென்பொருளான லைட்ரூம் கிளாசிக் தொடுவதே இல்லை. வெளிச்சம் கூட்டியது, கோணலான கடல்கோட்டை நிமிர்த்தியது, பறவையை மட்டும் தனியே திருத்த மாஸ்க் போட்டது எல்லாம் கேட்டலாக் என்ற தனி ஃபைலில் குறிப்பாக எழுதப்படுகின்றன. சந்தா முடிந்ததும், திருத்தம் செய்கிற டெவலப் பகுதி சாம்பல் நிறமாகி நின்றுவிடும். மேப் பகுதியும் அப்படியே. ஆனால் லைப்ரரி திறக்கும், எக்ஸ்போர்ட்டும் நடக்கும். செய்து வைத்த எடிட்டோடு முழு அளவுப் படத்தை அப்போதும் வெளியே எடுக்கலாம்.

இது தெரியாமல் தம்பிமார் செய்வது என்ன? டெவலப் திறக்கவில்லை என்றதும் "எல்லாம் போச்சு" என்று மென்பொருளை அன்இன்ஸ்டால் செய்கிறார்கள். லேப்டாப்பில் இடம் இல்லை என்று பிக்சர்ஸ் ஃபோல்டருக்குள், கேட்டலாக் இருக்கும் லைட்ரூம் ஃபோல்டரையும் சேர்த்து அழிக்கிறார்கள். மண்டபத்தில் ஒருவர் இரண்டு பருவத்துப் பறவைப் படங்களை இப்படித்தான் இழந்தார். ரா எல்லாம் பத்திரமாக இருந்தது. கையில் மிஞ்சிய எடிட் படம், வாட்ஸ்அப்பில் அனுப்ப எடுத்த 2048 பிக்சல் ஜேபெக் மட்டும். அச்சில் அங்குலத்துக்கு 300 புள்ளி (300 டிபிஐ) என்ற கணக்கில் அது ஏழு அங்குல அகலத்துக்குக்கூடத் தேறாது. 6000 பிக்சல் அகல ராவிலிருந்து 20 அங்குலம் போட்டிருக்கலாம்.

அந்த லைட்ரூம் ஃபோல்டரில் இடத்தை அடைப்பது பெரும்பாலும் 'ப்ரிவியூஸ்' என்று பெயர் கொண்ட பகுதிதான். அதை மட்டும் அழிக்கலாம், மறுபடி தானே உருவாகும். 'எல்ஆர்கேட்' என்று முடியும் ஃபைலையும், பக்கத்திலேயே 'எல்ஆர்கேட்-டேட்டா' என்று முடிவதையும் தொடவே கூடாது. மாஸ்க் விவரம் இரண்டாவதில் இருக்கிறது. முதலாவதை மட்டும் காப்பி செய்தால் மாஸ்க் வராது.

சந்தாவை நிறுத்தும் முன் மூன்று வேலை. ஒன்று, எல்லாப் படங்களையும் தேர்ந்து கன்ட்ரோல்-எஸ் அழுத்துங்கள். எடிட் குறிப்பு எக்ஸ்எம்பி ஃபைலாக ராவின் பக்கத்தில் விழும். விர்ச்சுவல் காப்பியும் (ஒரே படத்துக்கு வேறு எடிட் வைத்த பிரதி) கலெக்‌ஷனும் (படத் தொகுப்பு) இதில் வராது. இரண்டு, பிடித்த படங்களை 16-பிட் டிஃப் ஆக எக்ஸ்போர்ட் செய்யுங்கள். 24 மெகாபிக்சல் படம் ஒன்று, சுருக்காமல், சுமார் 144 எம்பி. 300 படம் 43 ஜிபி, ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கில் அடங்கிவிடும். மூன்று, கேட்டலாக் ஃபைல்களையும் அதே டிஸ்க்கில் போடுங்கள். டார்க்டேபிள் என்ற இலவச மென்பொருள் அந்த எக்ஸ்எம்பியில் கிராப், எக்ஸ்போஷர் போன்றவற்றை ஓரளவு படிக்கும். மாஸ்க்கை எதிர்பார்க்காதீர்கள்.

ஒரே விலை மென்பொருளும் இலவச மென்பொருளும் இதே கதைதான். ஒரே விலைக்குக் கிடைக்கும் டிஎக்ஸ்ஓ ஃபோட்டோலேப் படத்தின் பக்கத்தில் 'டாப்' ஃபைல் வைக்கும், இலவசமான ராதெரபி 'பிபி3' வைக்கும். ஒன்றின் குறிப்பை இன்னொன்று படிக்காது. ஆகவே வாங்கும்போது முதலில் கேட்க வேண்டியது: குறிப்பு எங்கே விழுகிறது, பணம் நின்ற மறுநாள் எது திறக்கும்?

'ஒருமுறை' என்றால் ஆயுள் முழுக்க என்று எண்ணுவது

அந்தப் பதிப்புக்கு மட்டும் என்று அர்த்தம். லைட்ரூம் 6 ஒரே விலைக்கு 2015-இல் வந்தது, 2017 டிசம்பரோடு அப்டேட் நின்றது. 2018-இல் கேனான் எம்50 கேமரா கொண்டுவந்த சிஆர்3 என்ற புது வகை ரா ஃபைலை அது திறக்கவே இல்லை. கேமரா மாற்றும் எண்ணம் இருந்தால் மென்பொருள் மேம்படுத்தும் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். தற்காலிக வழி, அடோபியின் இலவச டிஎன்ஜி கன்வெர்ட்டர்: புது ராவை டிஎன்ஜி ஆக்கிப் பழைய மென்பொருளில் திறக்கலாம்.

ஆண்டு ஒப்பந்தத்தை மாதச் சந்தா என்று நினைப்பது

'ஆண்டுத் திட்டம், மாதத் தவணை' என்று சிறிய எழுத்தில் இருக்கும். அடோபியில் 14 நாள் தாண்டி நிறுத்தினால் மீதித் தவணையில் பாதியை ஒரேயடியாகக் கேட்பார்கள். மாதம் 800 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு மாதத்தில் நிறுத்தினால் மீதி 6,400, அதில் பாதி 3,200. பறவைப் பருவத்தில் மட்டும் படம் எடுப்பவருக்கு இது வீண் செலவு. 15,000 ரூபாய் வரையிலான தானியங்கிப் பிடித்தத்துக்கு ஓடிபி வராது, ஒரு நாள் முன்னால் எஸ்எம்எஸ் அல்லது மின்னஞ்சல் மட்டும் வரும். அதைப் படியுங்கள்.

படத்தை இணையத்தில் சேமிக்கும் கிளவுடுக்குப் பணம் கொடுப்பது

தனுஷ்கோடி அரிச்சல்முனையில் ஒரு காலை 400 படம், ஒன்று 25 எம்பி: 10 ஜிபி. தினம் 2 ஜிபி பேக்கில் ஐந்து நாள் ஏற்ற வேண்டும். வீட்டில் ஃபைபர் இல்லையென்றால் வேண்டாம்.

இலவசத்தைப் பார்க்காமலே வாங்குவது

டார்க்டேபிள், ராதெரபி, ஜிம்ப். அஃபினிட்டியும் 2025 அக்டோபரிலிருந்து இலவசம்.

சோதனைக் காலத்தைப் படமே இல்லாமல் தொடங்குவது

அடோபி தருவது 7 நாள். தனுஷ்கோடி போய்வந்த இரவில் தொடங்குங்கள். உப்புப் புகைமூட்டத்தில் எடுத்த ஒன்று, ஐஎஸ்ஓ 3200-இல் பறக்கும் பூநாரை ஒன்று, எதிர்வெயிலில் வள்ளம் ஒன்று. மூன்றையும் உங்கள் சொந்த லேப்டாப்பிலேயே, இம்போர்ட்டில் தொடங்கி அச்சிடும் லேபுக்குக் கொடுக்கும் ஜேபெக் வரை முடித்துப் பாருங்கள். லைட்ரூம் கிளாசிக்குக் குறைந்தபட்சம் 8 ஜிபி ராம் வேண்டும். மாஸ்க் போடும்போது லேப்டாப் திணறினால், அந்தப் பணத்தில் முதலில் ராம் போடுங்கள்.