முதல் நாஸ் பெட்டி: என் பழைய தவறுகளை நீங்கள் செய்யாதீர்கள்

கடந்த சில மாதங்களில் மூன்று நண்பர்களுக்கு வீட்டில் நாஸ் (வீட்டு நெட்வொர்க்கில் எல்லோரும் கோப்புகளைச் சேமிக்கும் டிஸ்க் பெட்டி) அமைக்க உதவினேன். மூவரும் டிஸ்க்குகளைச் செருகிய இரவே குடும்பப் படங்களை ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். நானும் ஒருகாலத்தில் அப்படித்தான் செய்தேன். பாஸ்வேர்டை மாற்றுவது, அப்டேட் செய்வது எல்லாம் கையேட்டிலேயே இருக்கிறது. அதில் இல்லாதவற்றை மட்டும் எழுதுகிறேன்.

எது எந்த டிஸ்க் என்று தெரியாமல் இருப்பது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. பழைய கணினி ஒன்றில் லினக்ஸ் நிறுவி, நான்கு டிஸ்க்குகளை ரெய்டு 5 முறையில் ஒரே தொகுதியாக இணைத்திருந்தேன். அதில் ஒரு டிஸ்க் பழுதானாலும் தகவல் தப்பும். இரண்டாவதும் போனால் தப்பாது. லினக்ஸ் டிஸ்க்குகளுக்கு எஸ்டிஏ, எஸ்டிபி, எஸ்டிசி என்று பெயரிடும். ஒருநாள் ‘எஸ்டிசி’ பழுது என்று செய்தி வந்தது. ஏ, பி, சி என்று மேலிருந்து எண்ணி மூன்றாவதைக் கழற்றினேன். அந்தப் பெயர்கள் டிஸ்க் இருக்கும் இடத்தைக் குறிப்பவை அல்ல. கணினியை மறுபடி இயக்கும்போது மாறவும் கூடும். நான் கழற்றியது நல்ல டிஸ்க்.

அப்போதும் எதுவும் அழிந்துவிடவில்லை. கணினியை அணைத்து, கழற்றியதைத் திரும்பச் செருகி, பழைய தொகுதியை மீட்கும் கட்டளையைக் கொடுத்திருந்தால் பெரும்பாலும் எழுந்து வந்திருக்கும். பதற்றத்தில், திரையில் தெரிந்த ‘புதிய தொகுதியை உருவாக்கு’ பொத்தானை அழுத்தினேன். மகளின் முதல் மூன்று வயதுப் படங்களும் அப்பாவின் குரல் பதிவுகளும் அத்தோடு போயின. வேறெங்கும் நகல் இல்லை. ரெய்டு இருக்கும்போது பேக்கப் எதற்கு என்று நினைத்திருந்தேன். ஒரு கோப்பை நீங்கள் தவறுதலாக அழித்தால், ரெய்டு அதை எல்லா டிஸ்க்கிலிருந்தும் அதே நொடியில் அழித்துவிடும்.

இப்போது ஒவ்வொரு டிஸ்க்கின் சீரியல் எண்ணிலும் கடைசி நான்கு எழுத்துகளைக் காகித டேப்பில் எழுதி, டிஸ்க் உட்காரும் தட்டின் முகப்பில் ஒட்டிய பிறகே செருகுகிறேன். பெட்டி காலியாக இருக்கும் முதல் நாளிலேயே, தேவையற்ற சில கோப்புகளை ஏற்றி, ஒரு டிஸ்க்கை வேண்டுமென்றே கழற்றிப் பார்க்கிறேன். எச்சரிக்கை போனுக்கு வருகிறதா? திரும்பச் செருகினால் தொகுதி சீராகிறதா? சீராகும்போது டிஸ்க் முழுவதும் மறுபடி எழுதப்படலாம். 8 டெராபைட் டிஸ்க்கை விநாடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் நிரப்பினாலும் ஏறக்குறைய 15 மணி நேரம் ஆகும். அந்த 15 மணி நேரத்தை, இழக்க எதுவும் இல்லாத நாளில் ஒருமுறை கடந்துவிடுங்கள். ‘பழுதாகும்போது பார்த்துக்கொள்ளலாம், அண்ணா’ என்றார் நண்பர் ஒருவர். பழுதாகும் நாளில் கை நடுங்கும், தம்பி.

நகலுக்குத் தனியாக ஒரு வெளி டிஸ்க் வேண்டும். வாரம் ஒருமுறை நகலெடுத்துக் கழற்றி வைத்துவிடுங்கள். இன்னொரு வீட்டில் வைக்க முடிந்தால் இன்னும் நல்லது. அவ்வப்போது அதிலிருந்து நான்கு படங்களைத் திறந்து பாருங்கள்.

ரவுட்டரில் போர்ட் திறப்பது

போர்ட் திறப்பது என்றால், வெளி இணையத்திலிருந்து நாஸுக்கு நேராக வர வழி விடுவது. 2021 ஏப்ரலில் கியூலாக்கர் என்ற தாக்குதல், இணையத்துக்குத் திறந்திருந்த கியூநாப் நிறுவனத்தின் நாஸ் பெட்டிகளில் புகுந்தது. கோப்புகளை 7-ஜிப்பில் அடைத்துப் பூட்டி, 0.01 பிட்காயின் கேட்டது. வெளியிலிருந்து பார்க்க வேண்டுமென்றால் வயர்கார்டு போன்ற விபிஎன் (பூட்டிய தனிப்பாதை) வழியாக வாருங்கள்.

டிஸ்க்கின் பெயரை நம்பி வாங்குவது

எஸ்எம்ஆர் வகை டிஸ்க்குகளில் தகவல் எழுதும் தடங்கள் ஓட்டுக்கூரைபோல ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். ஒன்றைத் திருத்தப் பக்கத்துத் தடங்களையும் திரும்ப எழுத வேண்டும். ரெய்டைச் சீராக்கும்போது இவை திணறும். நாஸுக்கென்றே விற்ற வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் வரிசையிலும் இந்த வகை இருந்தது 2020-ல்தான் வெளியே தெரிந்தது. மாடல் எண்ணைத் தேடி, சிஎம்ஆர் (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத வகை) என்று உறுதிசெய்த பிறகே பணம் கொடுங்கள்.

யுபிஎஸ் இல்லாமல் ஓட்டுவது

வேண்டாம். யுபிஎஸ் என்பது மின்சாரம் நின்றால் சிறிது நேரம் பேட்டரியில் ஓட வைக்கும் கருவி. வாங்கிய பின் அதன் யுஎஸ்பி கேபிளையும் நாஸில் செருகுங்கள். இல்லாவிட்டால் பேட்டரி தீர்வது பெட்டிக்குத் தெரியாது, முறையாக அணையாமல் திடீரென நின்றுவிடும்.

வேகம் விநாடிக்கு 11 மெகாபைட்டில் நிற்கிறதா?

டிஸ்க்கைக் குறை சொல்லாதீர்கள், கோளாறு பெரும்பாலும் இணைப்பில்தான். முதலில் கேபிளை மாற்றுங்கள், பிறகு ரவுட்டரைப் பாருங்கள். ஜிகாபிட் இணைப்பில் 110 வர வேண்டும்.