லவுஞ்ச் உறுப்புரிமை: காசு கட்டுமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பிலிருந்தோ அக்கரைப்பற்றிலிருந்தோ வான் பிடித்துப் போகிறவர்கள், வழியில் எதுவும் ஆகிவிடக்கூடாதே என்று ஐந்தாறு மணித்தியாலம் முந்தியே கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கிவிடுவார்கள். அந்த நேரம் முழுவதும் லவுஞ்சில், அதாவது விமான நிலையத்துக்குள் சாப்பாட்டோடு இருக்கும் ஓய்வறையில், சாய்ந்திருக்கலாம் என்று நம்பி உறுப்புரிமை வாங்குவதுதான் பெரிய தவறு. போர்டிங் பாஸ் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். பல விமானங்களுக்கு செக்-இன் திறப்பதே புறப்பட மூன்று மணித்தியாலம் இருக்கும்போதுதான். அதன்பின் குடிவரவு வரிசையும் கழிந்தால், கையில் மிஞ்சுவது ஒன்றரை மணித்தியாலம் அளவில். சின்னப் பிள்ளைகளோ வயதானவர்களோ கூட வந்தால், அதே காசுக்கு நீர்கொழும்பில் ஒரு அறை எடுப்பது எவ்வளவோ மேல்.

அடுத்தது கணக்கு. ஒரு மாதப் பயணத்துக்கென்று வாங்கினாலும் பல திட்டங்களில் ஆண்டுக் கட்டணமே அறவிடுவார்கள். பல நாட்டு லவுஞ்சுகளுக்கும் நுழைவு தரும் பிரயோரிட்டி பாஸ் என்ற உறுப்புரிமையின் அமெரிக்க விலைப்பட்டியலை உதாரணமாக எடுப்போம்: அடிப்படைத் திட்டம் 99 டொலர், அதன்மேல் ஒவ்வொரு நுழைவுக்கும் 35 டொலர். வாசலில் நேரடியாகக் கட்டினால் 60 டொலர் என்றால், நாலாவது நுழைவில்தான் ஒரு டொலர் மிச்சம். வாசல் விலை 50 என்றால் ஏழு தடவை போகவேண்டும். பத்து நுழைவு அடங்கிய 329 டொலர் திட்டமும் ஏழு நுழைவுக்குக் குறைந்தால் அடிப்படைத் திட்டத்தைவிட நட்டம். கட்டணம் மாறும்; அன்றைய விலையை வைத்து இதே கணக்கைப் போடுங்கள். டொலரை ரூபாயாக்கும்போது வங்கி எடுக்கும் கட்டணத்தையும் சேருங்கள்.

நுழைவை எண்ணுவதிலும் பிழை விடுகிறார்கள். கட்டுநாயக்கவில் ஒன்று, டோகாவில் விமானம் மாறும்போது இன்னொன்று. உறுப்புரிமை ஒருவர் பெயருக்கே. கூடவரும் மனைவி விருந்தினர், அவருக்குத் தனிக் கட்டணம். பிள்ளைகளுக்கு லவுஞ்சுக்கு லவுஞ்ச் விதி வேறு.

ஏற்கெனவே கடனட்டை இருந்தால் முதலில் வங்கியைக் கேளுங்கள். சில உயர்தர அட்டைகளில் இலவச நுழைவு உண்டு. குடும்பத்தவர் பெயரில் எடுத்த மேலதிக அட்டைக்கும் அது செல்லுமா என்பதைத் தனியாகக் கேட்கவேண்டும்.

சன நெரிசலில் இடமில்லை என்று உறுப்பினரையும் திருப்பி அனுப்புவதுண்டு, அதனால் பசியோடு போகவேண்டாம். உறுப்புரிமை தானாகப் புதுப்பிக்கப்படும் வசதியை, நீங்கள் சேர்ந்த அன்றே நிறுத்துங்கள். விட்டால் அடுத்த வருடக் கட்டணமும் அட்டையிலிருந்து போய்விடும்.