டவுன்லோடு செய்த கேம் ஓடவில்லையா? கோளாறு எந்தப் படியில் என்று பாருங்கள்

கும்பகோணமோ மன்னார்குடியோ பட்டுக்கோட்டையோ, எந்த ஊர் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் நின்றாலும் இந்தப் பேச்சு காதில் விழும்: "அண்ணே, கேம் முழுசா இறங்கிடுச்சு. ஆனா ஓடமாட்டேங்குது." பெரும்பாலும் குற்றம் கேமின் மேல் இருக்காது. டவுன்லோடு, கட்டு பிரிப்பது, டிஸ்க் இமேஜை ஏற்றுவது, இன்ஸ்டால், கடைசியில் ஓட்டம் என்று ஐந்து படி இருக்கிறது. ஒரு படியில் விட்ட பிழை அடுத்த படியில்தான் பல்லைக் காட்டும். தலைமடையில் அடைப்பு இருக்கும்போது கடைமடையில் நின்று மண்ணை வெட்டிப் பயனில்லை. மேலிருந்து வரிசையாகப் பார்த்து வாருங்கள்.

இங்கே சொல்வதெல்லாம் வீட்டில் உள்ள சிடி, காசு கொடுத்து வாங்கிய கேம், உரிமையாளரே இலவசமாக விட்ட கேம் ஆகியவற்றுக்கு. கிராக் போட்ட, அதாவது உரிமைப் பூட்டை உடைத்த கேமில் "ஆன்டிவைரஸை ஆஃப் செய்துவிட்டு ஓட்டவும்" என்று ஒரு குறிப்பு வரும். அந்த வரியைப் பார்த்ததும் ஃபைலை அழித்துவிடுங்கள்.

கையில் இருப்பது என்ன?

முதலில் ஃபைல் பெயரின் வால் தெரிய வேண்டும். விண்டோஸ் 11-இல் ஃபைல் எக்ஸ்புளோரரைத் திறந்து வியூ, ஷோ, ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ். விண்டோஸ் 10-இல் வியூ பட்டையிலேயே அந்த டிக் இருக்கும். இதைச் செய்யாவிட்டால் "கேம்.ஐஎஸ்ஓ.எக்ஸ்இ" என்று வரும் வைரஸ் வெறும் "கேம்.ஐஎஸ்ஓ" என்றே கண்ணுக்குத் தெரியும்.

ஜிப், ரார், 7இசட் என்று முடிந்தால் அது கட்டிய மூட்டை. ஐஎஸ்ஓ, பின்-க்யூ ஜோடி, எம்டிஎஃப்-எம்டிஎஸ் ஜோடி, என்ஆர்ஜி என்றால் டிஸ்க் இமேஜ், அதாவது சிடியையோ டிவிடியையோ அப்படியே படியெடுத்த ஃபைல். மூட்டைக்குள் இமேஜ் இருப்பது சகஜம். மூட்டையைப் பிரிக்க 7-ஜிப் போதும். இலவசம்தான், ராரையும் பிரிக்கும்.

டவுன்லோடும் பென்டிரைவும்

தினம் 2 ஜிபி டேட்டாவில் பெரிய கேமை இறக்குகிறவர்கள் துண்டு துண்டாக இருப்பதைத் தேர்ந்தெடுப்பது நல்லது. ஒரு துண்டு கெட்டால் அதை மட்டும் மறுபடி இறக்கினால் போதும். முழுசாக ஒரே ஃபைலாக இருந்தால், விட்ட இடத்திலிருந்து தொடரும் டவுன்லோடு மேனேஜர் இல்லாமல் தொடவே வேண்டாம். நடுவில் கரண்ட் போய் மோடம் அணைந்தால் இறங்கியது அத்தனையும் வீண்.

துண்டுகளின் அளவைப் பாருங்கள். கடைசித் துண்டு தவிர மற்றவை எல்லாம் பைட் கணக்கில் ஒரே அளவில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் குறைந்திருந்தால் அதுதான் கெட்டது. இறக்கிய இடத்தில் ஃபைலின் கைரேகை போன்ற எஸ்ஹெச்ஏ-256 எண் கொடுத்திருந்தால், ஃபைலை ரைட் கிளிக் செய்து 7-ஜிப் மெனுவில் சிஆர்சி எஸ்ஹெச்ஏ என்பதற்குள் போய் எஸ்ஹெச்ஏ-256 எடுத்து ஒப்பிடுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் ஃபைல் வேறு.

இன்னொரு சின்னச் சனியன்: ஒரே துண்டை இரண்டு முறை இறக்கினால் பிரவுசர் பெயரின் கடைசியில் அடைப்புக்குறிக்குள் 1 என்று ஒட்டிவிடும். பழையதை அழித்துவிட்டுப் புதியதை அந்தப் பெயரிலேயே விட்டால், பிரிக்கும்போது "அடுத்த பாகம் இல்லை" என்று நிற்கும். ஃபைல் கண்ணெதிரே இருக்கும், பெயர்தான் பொருந்தாது. அந்த அடைப்புக்குறியையும் அதற்கு முன்னால் உள்ள இடைவெளியையும் நீக்குங்கள்.

நண்பரிடமிருந்து பென்டிரைவில் வாங்கி வருவதாக இருந்தால் 4 ஜிபி சுவர் குறுக்கே நிற்கும். பென்டிரைவ் ஃபேட்32 முறையில் இருந்தால், 32 ஜிபி காலியாகக் கிடந்தாலும் 4 ஜிபியைத் தொடும் ஒற்றை ஃபைலை அது ஏற்காது. எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்தால் தீரும், ஆனால் உள்ளே உள்ளதெல்லாம் போய்விடும். வண்டியில் பாட்டுக் கேட்கும் பென்டிரைவ் என்றால் ஃபார்மட் செய்யும் முன் யோசியுங்கள். பழைய பிளேயர்கள் பல எக்ஸ்ஃபேட்டைப் படிக்காது. அதற்குப் பதில் 7-ஜிப்பைத் திறந்து, ஃபைல் மெனுவில் ஸ்பிளிட் ஃபைல் கொடுத்து 2000 எம்பி துண்டுகளாக வெட்டி எடுத்து வந்து, வீட்டில் கம்பைன் ஃபைல்ஸ் மூலம் சேர்த்துக்கொள்ளலாம்.

மூட்டையைப் பிரிப்பது

அதிகம் நடக்கும் தவறு இதுதான்: ஜிப்பை டபுள் கிளிக் செய்து, உள்ளே தெரியும் செட்டப் ஃபைலை அங்கேயே ஓட்டுவது. ஃபோல்டர் மாதிரி தெரிந்தாலும் அது ஃபோல்டர் இல்லை. விண்டோஸ் அந்த ஒற்றை ஃபைலை மட்டும் ஒரு தற்காலிக இடத்தில் எடுத்து வைத்து ஓட்டும். செட்டப் தன் பக்கத்தில் இருக்க வேண்டிய டேட்டா ஃபைல்களைத் தேடும், காணாது, ஏதோ ஒரு ஃபைல் இல்லை என்று புலம்பிவிட்டு நிற்கும். ரைட் கிளிக், 7-ஜிப், எக்ஸ்ட்ராக்ட் டு என்று முழுவதையும் வெளியே எடுத்த பிறகே செட்டப்பைத் தொடுங்கள்.

துண்டுகள் என்றால் எல்லாம் ஒரே ஃபோல்டரில் இருக்கட்டும். பார்ட்1 மேல் மட்டும் ரைட் கிளிக். மற்றவற்றை அதுவே தேடி எடுக்கும். பழைய முறையில் ஆர்00, ஆர்01 என்று வரும் வரிசையில் தலைவன் ரார் என்று முடியும் ஃபைல்தான், ஆர்00 இல்லை. .001 என்று தொடங்கும் வரிசையில் 001.

இடம் எவ்வளவு வேண்டும்? மூட்டை 10 ஜிபி என்றால் பிரித்தது இன்னொரு 10-க்கு மேல், இன்ஸ்டால் ஆனது இன்னொரு 10-க்கு மேல். 30 முதல் 35 ஜிபி காலியாக இல்லாமல் தொடங்காதீர்கள்.

எங்கே பிரிப்பது என்பதும் முக்கியம். டெஸ்க்டாப்பில் ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் போட்டால் முழுப் பாதை 260 எழுத்தைத் தாண்டி, சில ஃபைல்கள் வெளியே வராமலே போகும். சி டிரைவின் நேர் கீழே கேம்ஸ் என்று ஒரு ஃபோல்டர் வைத்து அதில் பிரியுங்கள். ஃபோல்டர் பெயரை ஆங்கில எழுத்தில் வையுங்கள். தமிழ்ப் பற்றுக்கு இங்கே வேலையில்லை. பழைய கேம்களுக்குப் பாதையில் தமிழ் எழுத்து வந்தால் படிக்கத் தெரியாது. விண்டோஸ் யூசர் பெயரையே தமிழில் வைத்திருந்தால் தற்காலிக ஃபோல்டரும் அந்தப் பெயருக்குள் போய், பழைய செட்டப் காரணம் சொல்லாமல் மூடிக்கொள்ளும். கேமுக்கென்று ஆங்கில எழுத்துப் பெயரில் இன்னொரு யூசர் கணக்குத் தொடங்குவது சுலபமான வழி.

பிரிக்கும்போது சிஆர்சி எரர், அதாவது உள்ளே இருப்பது கெட்டிருக்கிறது என்ற எச்சரிக்கை வந்தால் பதறி மொத்தத்தையும் மறுபடி இறக்காதீர்கள். இன்னொரு முறை பிரித்துப் பாருங்கள். இரண்டு முறையும் அதே ஃபைலில் எரர் வந்தால் டவுன்லோடு கெட்டிருக்கிறது, அந்தத் துண்டை மாற்றுங்கள். ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஃபைலில் எரர் வந்தால் மூட்டை மேல் சந்தேகம் வேண்டாம். ரேமோ ஹார்ட் டிஸ்க்கோ தகராறு செய்கிறது. விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் ஓட்டிப் பாருங்கள். டெஸ்க்டாப் என்றால் ரேமைக் கழற்றி, தொடும் முனையைத் துடைத்து மாட்டினாலே சரியாவதும் உண்டு.

பிரித்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால்? திரும்ப வந்ததும் பிரித்த ஃபோல்டரை முழுதாக அழித்துவிட்டுத் தொடங்குங்கள். அழிக்காமல் மறுபடி பிரித்தால், ஏற்கெனவே உள்ள ஃபைலை என்ன செய்ய என்று கேட்கும். எல்லாவற்றுக்கும் ஸ்கிப் கொடுத்தால், நின்றபோது பாதி எழுதியிருந்த ஃபைல் அப்படியே தங்கிவிடும். கேம் மூன்றாவது லெவலில் போய் விழும்போதுதான் அது தெரியும்.

டிஸ்க் இமேஜ்

ஐஎஸ்ஓவுக்கு விண்டோஸ் 8 முதல் தனி சாஃப்ட்வேர் தேவையில்லை. டபுள் கிளிக் செய்தால் ஒரு புது டிவிடி டிரைவ் முளைக்கும். அதற்குப் பதில் வின்ரார் திறந்துகொண்டால் ரைட் கிளிக், ஓபன் வித், விண்டோஸ் எக்ஸ்புளோரர். வேலை முடிந்ததும் அந்த டிரைவை ரைட் கிளிக் செய்து எஜெக்ட். கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்தால் ஏற்றிய இமேஜ் இறங்கிவிடும். நேற்று ஓடிய கேம் இன்று சிடியைப் போடு என்று கேட்பதற்கு இதுதான் காரணம்.

"ஃபைலை மவுன்ட் செய்ய முடியவில்லை" என்று வந்தாலும் ஃபைல் கெட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். சில டவுன்லோடு மென்பொருள்கள் ஃபைலை ஸ்பார்ஸ் என்ற முறையில் எழுதிவைக்கும். விண்டோஸ் அதை ஏற்ற மறுக்கும். வேறொரு டிரைவுக்கு ஒரு காப்பி எடுத்து, காப்பியை ஏற்றிப் பாருங்கள்.

பின்-க்யூ ஜோடிதான் பலருக்குத் தலைவலி. விண்டோஸ் இதைத் தானாக ஏற்றாது. வின்சிடிஎமு என்ற இலவச சாஃப்ட்வேர் ஏற்றும். ஏற்ற வேண்டியது பின் ஃபைலை அல்ல, க்யூவை. க்யூ என்பது சில வரிகளே உள்ள சாதாரண டெக்ஸ்ட். நோட்பேடில் திறந்து பாருங்கள். முதல் வரியில் மேற்கோள் குறிக்குள் பின் ஃபைலின் பெயர் இருக்கும். பிறகு டிராக் 01, அதன் வகை, 2352 என்ற எண், தொடங்கும் நேரம். அடுத்தடுத்து ஆடியோ டிராக்குகள் வரலாம். யாராவது பின் ஃபைலின் பெயரை மாற்றியிருந்தால் க்யூவில் பழைய பெயர்தான் நிற்கும், ஏறாது. மேற்கோளுக்குள் புதுப் பெயரை ஓர் எழுத்து பிசகாமல் அடித்து சேவ் செய்தால் ஏறிவிடும்.

அந்த 2352 என்ன? சிடியில் ஒரு செக்டரின் மொத்த பைட். அதில் டேட்டாவுக்கு 2048, மீதி பிழைதிருத்தம் முதலியவை. ஐஎஸ்ஓ 2048-ஐ மட்டும் வைத்திருக்கும், பின் ஃபைல் 2352 மொத்தத்தையும் வைத்திருக்கும். 74 நிமிட சிடி ஒன்றில் 3,33,000 செக்டர். ஐஎஸ்ஓவாக எடுத்தால் 68,19,84,000 பைட், பின்னாக எடுத்தால் 78,32,16,000 பைட். 650 எம்பி சிடியின் இமேஜ் ஏன் 747 எம்பி காட்டுகிறது என்று இனிக் குழம்ப வேண்டாம். இதிலேயே ஒரு சோதனையும் இருக்கிறது: பிராப்பர்ட்டீஸில் உள்ள பைட் எண்ணிக்கையை ஐஎஸ்ஓ என்றால் 2048-ஆல், 2352 என்று க்யூ சொல்லும் பின் என்றால் 2352-ஆல் வகுங்கள். மீதி வந்தால் இமேஜ் அரைகுறை.

பின்னை ஐஎஸ்ஓவாக மாற்றிக்கொள்ளலாமே என்று தோன்றும். ஒரே டேட்டா டிராக் என்றால் மாற்றலாம். ஆடியோ டிராக் இருந்தால் மாற்றாதீர்கள். 1990-களின் கேம்கள் பலவற்றில் பின்னணி இசை அந்த டிராக்குகளில்தான் இருக்கிறது. மாற்றினால் கேம் ஊமையாகிவிடும்.

இரண்டு சிடி கேம் என்றால், கேட்கும்போது முதல் இமேஜை எஜெக்ட் செய்துவிட்டு இரண்டாவதை ஏற்றுங்கள். அப்போதுதான் அதே டிரைவ் எழுத்து கிடைக்கும். இரண்டையும் சேர்த்து ஏற்றினால் செட்டப் பழைய எழுத்தையே பார்த்துக்கொண்டிருக்கும்.

வீட்டில் பழைய சிடிகள் பீரோவில் கிடந்தால் அடுத்த அடைமழைக்கு முன் இமேஜ் எடுத்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் சிடியின் மேல் பூஞ்சை பிடிக்கும். துடைக்கும்போது வட்டமாகத் தேய்க்காமல், மெத்தென்ற துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராக இழுங்கள்.

இன்ஸ்டாலும் ஓட்டமும்

"இந்த ஆப் உங்கள் கம்ப்யூட்டரில் ஓடாது" என்று வந்தால் பெரும்பாலும் செட்டப் 16 பிட், அதாவது மிகப் பழைய வகை. 64 பிட் விண்டோஸ் எதுவும் 16 பிட் புரோகிராமை ஓட்டாது. விண்டோஸ் 95 காலத்தில் கேம் 32 பிட்டாக இருந்தாலும் அதன் செட்டப் மட்டும் 16 பிட்டாக வந்தது உண்டு. கமாண்ட் அண்ட் கான்கர் ரெட் அலர்ட் அப்படித்தான். ஈஏ நிறுவனமே 2008-இல் அதன் இரண்டு சிடிகளையும் ஐஎஸ்ஓவாக இலவசமாக வெளியிட்டது. இப்படிப்பட்ட 16 பிட் செட்டப்புக்கு வைன்விடிஎம் என்ற இலவசக் கருவி உதவும். 32 பிட் விண்டோஸ் 7 உள்ள பழைய லேப்டாப் மூலையில் கிடந்தால் அதுவும் போதும்.

விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்துக் கேம் என்றால் டாஸ்பாக்ஸ்-எக்ஸ் என்ற சாஃப்ட்வேர். அதன் டிரைவ் மெனுவில் சி-க்கு கேம் ஃபோல்டரையும் டி-க்கு க்யூ அல்லது ஐஎஸ்ஓவையும் கொடுத்து, பிறகு கேமைத் தொடங்குங்கள். கேமில் ஆட்கள் கண்மூடித்தனமான வேகத்தில் ஓடினால் சிபியூ மெனுவில் சைக்கிள்ஸைக் குறையுங்கள்.

டிஎல்எல் (கேமுக்குத் தேவையான துணை ஃபைல்) இல்லை என்று வந்தால் அந்த ஒற்றை டிஎல்எல்லை எங்கிருந்தாவது இறக்கிப் போடாதீர்கள். டி3டிஎக்ஸ்9 என்று தொடங்கினால் மைக்ரோசாஃப்டின் டைரக்ட்எக்ஸ் ஜூன் 2010 தொகுப்பு. எம்எஸ்விசிபி140, விசிரன்டைம்140 என்றால் விஷுவல் சி++ 2015-2022 தொகுப்பு. பெயரின் கடைசி எண் 100 என்றால் 2010 தொகுப்பு, 120 என்றால் 2013 தொகுப்பு. உங்கள் விண்டோஸ் 64 பிட்டாக இருந்தாலும் 32 பிட் தொகுப்பையும் சேர்த்துப் போடுங்கள். பழைய கேம் கேட்பது அதைத்தான். கண்டதையும் இறக்கி 32-ம் 64-ம் கலந்துவிட்டால் பூஜ்யத்தில் தொடங்கி 7பி என்று முடியும் எரர் கோடு வரும்.

இன்ஸ்டால் இடமாக புரோகிராம் ஃபைல்ஸைக் கொடுக்காமல் அந்த கேம்ஸ் ஃபோல்டருக்குள், பிரித்த ஃபோல்டரோடு கலக்காமல், தனி ஃபோல்டர் ஒன்றைக் கொடுங்கள். பழைய கேம்கள் சேவ் ஃபைலைத் தன் ஃபோல்டருக்குள்ளேயே எழுதும். புரோகிராம் ஃபைல்ஸில் எழுத விண்டோஸ் விடாது.

எல்லாம் சரியாக இருந்தும், அசல் சிடியே இருந்தும் ஓடாத கேம்கள் உண்டு. சிடியைப் படியெடுப்பதைத் தடுக்கும் சேஃப்டிஸ்க் என்ற பூட்டு போட்டவை இவை. 2015-இல் வந்த விண்டோஸ் 10 அந்தப் பூட்டின் டிரைவரையே ஏற்பதில்லை. எந்த இமேஜை ஏற்றியும் பயனில்லை. ஜிஓஜி போன்ற கேம் விற்கும் தளங்களில் பூட்டில்லாத பதிப்பு விற்கிறதா என்று பாருங்கள்.

கேம் ஓடத் தொடங்கியதும் பிரித்த ஃபோல்டரை அழித்து இடத்தை மீட்கலாம். மூட்டையை வெளி டிஸ்க்குக்கு மாற்றுங்கள். ஒவ்வொரு முறையும் சிடி கேட்கும் கேம் என்றால் இமேஜை மட்டும் இருந்த இடத்திலேயே விட்டுவைக்க வேண்டும்.